பல்லி சொன்ன வாடகை

கீழ்க்கட்டளையில் வீடுகளுக்கு விலை ஏறுவது போய்க் காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. ஜனங்கள் காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைபேசியில் தங்கள் வீட்டின் விலையைப் பார்த்தார்கள். நகரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு விலை ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சம்மதித்துக் கட்டைவிரலை வைத்தால் போதும், அந்த நிமிஷமே பணம் வந்து விழுந்துவிடும். டீக்கடையில் கிரிக்கெட் பேசிய வாய்களெல்லாம் சதுர அடி பேசின. மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிற தெரு என்று ஒரு காலத்தில் ஆட்டோக்காரர்கள் வர மறுத்த இடம்தான். இப்போது அங்கே ஒரு கார் நிறுத்தும் இடத்தின் விலைக்கு அந்தக் காலத்தில் பாதித் தெருவை வாங்கியிருக்கலாம்.

தணிகைவேலுக்கு இந்தக் காய்ச்சல் கொஞ்சம் அதிகமாகவே அடித்தது. அவர் பார்த்த வேலை அப்படி. தண்ணீர் லாரிகள் எந்தத் தெருவுக்கு எப்போது போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் அலுவலகத்தில் இருந்தார். எங்கே தேவை ஏறும், எப்போது இறங்கும் என்று கணித்துக் கணித்து, உலகத்தில் ஏறுவதெல்லாம் ஒருநாள் இறங்கியே தீரும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இறங்குவதற்குள் நாம் என்ன செய்யவேண்டும் என்பதில்தான் அவருக்குக் குழப்பம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"சுகந்தி, நல்லா யோசிச்சிட்டேன். இதுதான் உச்சம். இப்ப வித்துட்டு வாடகைக்குப் போயிடுவோம். ரெண்டு மூணு வருஷத்துல விலை படுத்துடும். அப்ப இதே வீட்டைப் பாதி விலைக்குத் திரும்ப வாங்கிடலாம். மீதி கையில நிக்கும்."

சுகந்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வித்துத் தொலைங்க. இதெல்லாம் ஒரு வீடா? மழை வந்தா ஒழுகுது, வெயில் வந்தா வேகுது. சமையக்கட்டு மேடையைப் பாருங்க, குள்ளச்சிக்குக் கட்டின மாதிரி."

இது அவருக்குப் புதிதல்ல. வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து அவள் இந்த வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் "வீடு லட்சணமா இருக்கும்மா" என்றபோதெல்லாம், "எங்கங்க, ஹால்ல வெளிச்சமே இல்ல" என்று அழாத குறையாகச் சொன்னாள். அந்த மேடையைத் தணிகைவேல் கொத்தனாரோடு சண்டை போட்டு, அவள் உயரத்துக்கு அளந்து, இரண்டு முறை இடித்துக் கட்டவைத்தார். அதற்கும் இதுதான் பாராட்டு.

வீடு மட்டுமா? மகள் இளவெயினியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "அவளுக்கு ஒரு காபி கூட உருப்படியாப் போட வராது" என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டாரை முழிக்க வைத்தவள் அவள். கணவனைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். "இந்த மனுஷன் ஒரு காரியத்துக்கும் லாயக்கில்ல" என்பது அந்த வீட்டில் அன்றாடம் காதில் விழும் வாக்கியம். அடுத்தவர் சமாச்சாரம் என்றால் மட்டும் வாய் இனிக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் "எவ்ளோ அழகா வெச்சிருக்கீங்க!" என்பாள். எதிர்வீட்டு ஞானசேகரைப் பற்றிப் பேச்சு வந்தால், "தங்கமான மனுஷர், அந்தப் பொறுமை யாருக்கு வரும்" என்பாள். இதைக் கேட்கும்போதெல்லாம் தணிகைவேலுக்குச் சுருக்கென்று இருக்கும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

அந்த வாரமே ஷெரின் என்று ஒரு பெண் வந்தாள். வீடு வாங்கும் கம்பெனி ஒன்றின் ஆள். முப்பது வயதுக்குள் இருக்கும். முதுகில் பை, முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. தணிகைவேலின் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சார் சொல்றது சரிதான். விலை இறங்கும். எங்க கம்பெனிக்கும் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏம்மா வாங்கறீங்க?"

"வெறும் வீட்டை வாங்கினா நஷ்டம் சார். நாங்க குடியிருக்கறவங்களையும் சேத்து வாங்கறோம். நீங்க வித்துட்டு வேற இடத்துக்குப் போனா ஒரு விலை. வித்துட்டு இதே வீட்டுல வாடகைக்கு இருந்தா, அதைவிட நல்ல விலை."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். நாற்காலி மேல் ஏறிச் சுவரின் உச்சியில் ஒட்டினாள்.

"இதுக்குப் பேரு பற்றுமானி. குடியிருக்கறவங்களுக்கு வீட்டு மேல எவ்ளோ ஒட்டுதல்னு அளக்கும். குரல், நடை, மூச்சு, தூக்கம், எங்க உக்காருறீங்க, எதைத் தொடுறீங்க எல்லாத்தையும் பாக்கும். ஒட்டுதல் ஜாஸ்தின்னா வாடகை ஜாஸ்தி. கம்மின்னா கம்மி."

"இது அநியாயமா இல்ல?"

"சட்டமே வந்துடுச்சு சார். போக மனசில்லாதவங்க எவ்ளோ கேட்டாலும் குடுப்பாங்க. உண்மையைச் சொன்னா, உங்க செங்கல் சிமெண்ட்டை விட உங்க ஒட்டுதல்தான் கம்பெனிக்குச் சொத்து."

தணிகைவேல் சிரித்தார். "அப்ப தினம் நாலு தரம் வீட்டைத் திட்டினா வாடகை இறங்கிடும்னு சொல்லு."

"எல்லாரும் பண்ணிப் பாத்துட்டாங்க சார். நடிச்சா கண்டுபிடிச்சிரும். வீடு போயிடுமோன்னு பயப்படறவங்கதானே நடிப்பாங்க? பயம்னா ஒட்டுதல்தான். இன்னும் ஏறிடும்."

ஊரில் யாரும் அதைப் பற்றுமானி என்று சொல்வதில்லை. தலைக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, ஏறும்போதெல்லாம் 'டிக்' என்றது. சொன்னால் சொன்னபடி நடந்தும் விட்டது. அதனால் எல்லாருக்கும் அது பல்லிதான். வாடகை இறங்கும்போது மட்டும் அது சத்தம் போடாது. கம்பெனிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை போலும்.

ஒரு மாதம் பல்லி பார்க்கும். பிறகு விலை ஒன்று, வாடகை ஒன்று என்று ஷெரின் சொல்வாள். பிடித்தால் விரலை வைக்கலாம், பிடிக்காவிட்டால் பல்லியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவாள். நஷ்டம் ஒன்றும் இல்லையே என்று தணிகைவேல் தலையாட்டிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி வீட்டை விற்று அதிலேயே வாடகைக்கு இருப்பவர் எதிர்வீட்டு ஞானசேகர். மருந்துக் கடை வைத்து ஓய்ந்தவர், மனைவியை இழந்து தனியாக இருந்தார். அவரிடம் அனுபவத்தைக் கேட்போம் என்று தணிகைவேல் போனபோது, மனிதர் வாசலுக்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போய்ப் பேசுவோமா அண்ணே? இங்க ஒரே புழுதியா இருக்கு."

"இங்கயே பேசு தணிகை. நீ உள்ள வந்தா எனக்குச் சந்தோஷமாயிடும். சந்தோஷமானா அது டிக்குங்கும்."

தணிகைவேல் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். ஞானசேகர் சிரிக்கவில்லை.

"வித்த பணம் வந்துச்சு. அது வாடகையாத் திரும்பிப் போயிட்டிருக்கு. சரி, போனாப் போகட்டும். போன லீவுக்குப் பேரப் பசங்க வந்தாங்க. மாடிப்படியில ஏறி எறங்கி ஒரே ரகளை. நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன். எழுந்து பாத்தா வாடகை எங்கயோ போயிருக்கு. இந்தத் தடவை வராதீங்கடான்னு சொல்லிட்டேன்."

"வேற வீட்டுக்குப் போயிடலாமே அண்ணே?"

"அங்கயும் பல்லி இருக்கும். முதல்ல கம்மியாத்தான் கேக்கும். கொஞ்ச நாள்ல ஜன்னல் பழகிடும், பக்கத்து வீட்டுக் குழந்தை பழகிடும். ஏற ஆரம்பிச்சிடும். உடனே மூட்டை கட்டணும். தினம் இந்தத் தெருவுல எத்தனை சாமான் வண்டி போவுது பாக்கறியா? எல்லாம் பழகிடுமோன்னு பயந்து ஓடறவங்கதான்."

அவர் வீட்டுச் சுவரோரம் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. மறைந்த மனைவி வைத்தது. அதைத் தணிகைவேல் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஞானசேகர் சொன்னார்: "அதுக்குத் தண்ணி ஊத்தினாக் கூடக் கண்டுபிடிச்சிடுது. நான் நிறுத்திட்டேன். உன் வீட்டுக்காரிதான் தினம் வந்து ஒரு வாளி ஊத்திட்டுப் போவுது. நல்ல மனசு."

தணிகைவேல் மரத்தைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மனுஷன் மனம் லேசுப்பட்டதா? இரண்டு நாளில் சமாதானம் கண்டுபிடித்துவிட்டது. ஞானசேகர் வீட்டோடு ஒட்டிக்கொண்டவர், அதனால் மாட்டிக்கொண்டார். எனக்கு என்ன ஒட்டுதல்? எனக்கு இது கணக்கு. விலை ஏறினால் விற்கிறேன், இறங்கினால் வாங்குகிறேன். இப்படிச் சொல்லிக்கொண்டு, மணிக்கு ஒரு தரம் கைபேசியை எடுத்து விலையைப் பார்த்தார்.

அந்த மாதம் முழுக்க அவர் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடந்தார். எதையும் அதிகமாகத் தொடுவதில்லை. ஜன்னலோரம் உட்கார ஆசை வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். இருந்தும் பல்லி அவ்வப்போது 'டிக்' என்றது. எதற்கென்றே அவருக்குப் புரியவில்லை. சுகந்தியோ அப்படி ஒன்று சுவரில் இருப்பதையே மறந்துபோனாள். "இந்தக் கதவு ஒரு கதவா, எருமை மாதிரி கத்துது." "தரையைத் துடைச்சாலும் அழுக்கு, துடைக்காட்டியும் அழுக்கு." நாள் முழுக்க அர்ச்சனைதான். அவள் திட்டும்போது பல்லி மூச்சு விடாது.

மாதம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஷெரின் வந்தாள். கையிலிருந்த மின் பலகையை இரண்டு தரம் பார்த்தாள்.

"சார், நான் இந்த வேலையில இப்படிப் பாத்ததே இல்ல. மேடத்துக்கு வீட்டு மேல ஒட்டுதல் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு மாசத்துல ஒரு நல்ல வார்த்தை கிடையாது. நடிப்பும் இல்ல, பயமும் இல்ல. மனசாரத் திட்டியிருக்காங்க."

சுகந்தி காபி கொண்டுவந்து வைத்தாள். "ஆமா, கொஞ்சிக்கிட்டு இருப்பாங்களா இந்த வீட்டை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்ப நான்?" என்றார் தணிகைவேல்.

ஷெரின் தயங்கினாள். "நீங்கதான் சார் கஷ்டம். இந்தத் தெருவுலயே உங்களுக்குத்தான் ஜாஸ்தி. எதிர்வீட்டு அங்கிளை விட."

"எனக்கா? நான் விக்கப் போறவன்மா!"

"காலையில கதவைப் பூட்டிட்டுச் சுவத்தை ஒரு தட்டு தட்டிட்டுப் போறீங்க, தினமும். அது கூடப் பரவால்ல. விலை பாக்கறீங்களே, அப்பதான். விலை ஏறும்போது உங்களுக்கு நாடி படபடன்னு அடிக்குது. இறங்கும்போது மூச்சு சீராகுது. விக்கணும்னு நினைக்கறவங்களுக்கு இது நேர்மாறா இருக்கும் சார்."

"எனக்கு பிரஷர் இருக்கு" என்றார் அவர்.

ஷெரின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு வழி இருக்கு. கம்பெனிக்குப் பிடிக்காது, ஆனா சட்டத்துல இடம் இருக்கு. வீடு உங்க பேர்ல இருக்கு, நீங்க வித்துடுங்க. வாடகை ஒப்பந்தத்தை மேடம் பேர்ல போட்டுக்கலாம். யார் பேர்ல ஒப்பந்தமோ அவங்க அளவுதான் செல்லும். உச்ச விலை வந்துடும், வாடகை ஒண்ணுமே இருக்காது. இப்படி ஒரு அதிர்ஷ்டம் இந்த ஊர்ல யாருக்கும் அடிச்சதில்ல சார். இன்னைக்கே முடிச்சிடலாமா?"

உள்ளேயிருந்து சுகந்தியின் குரல் வந்தது. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுலேருந்து எதையும் வெளிய குடுக்கக் கூடாது. திங்கக்கிழமை வாம்மா."

லாட்டரி அடித்தவன் போலக் குதிக்கவேண்டிய தணிகைவேல் அன்று முழுக்கச் சுரத்தில்லாமல் இருந்தார். பூஜ்யம் என்ற சொல் அவரை அறுத்தது. ஒரு துளியாவது இருக்கக் கூடாதா? வெயிலில் நின்று, கடன் வாங்கி, கொத்தனாரோடு மல்லுக்கட்டி இந்த வீட்டை யாருக்காகக் கட்டினோம்? அவளுக்கு வேண்டாத வீடு எனக்கு மட்டும் எதற்கு என்று கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே இருந்தது துக்கம்தான் என்பது அவருக்கே தெரியும்.

சாயங்காலம் மனம் கேட்காமல் ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். "சுகந்தி, உனக்கு வருத்தமே இல்லியா? வித்துடட்டுமா?"

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன ஒருவருக்கு, மனைவி 'உங்க இஷ்டம்' என்று சொன்னால் என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். புடவைக் கடையில் தெரியும், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்னும்போது தெரியும். அன்றைக்குப் பார்த்து அந்த ஞானம் அவரைக் கைவிட்டது. சரி, அவளே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஷெரின் பலகையை முக்காலியின் மேல் வைத்தாள். விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தணிகைவேல் கை வியர்வையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல மேடம் வாடகை ஒப்பந்தத்துல விரலை வைங்க. அப்புறம் சார் விற்பனையில வெச்சா முடிஞ்சுது."

சுகந்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து விரலை வைத்தாள். பலகை பச்சையாக ஒளிர்ந்தது.

"ஏம்மா, அவர் விரலை வெச்சதும் இது நம்ம வீடு இல்ல. அப்படித்தானே?"

"ஆமா மேடம். கம்பெனியோட வீடு. நீங்க குடியிருக்கறவங்க."

"அடுத்தவங்க வீடு."

"ஆமா மேடம்."

தணிகைவேல் கட்டைவிரலை நீட்டினார். சுகந்தி நிமிர்ந்து நின்றாள். ஹாலைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள். காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக வந்து தரையில் பாதியை நிறைத்திருந்தது. அவள் பேச ஆரம்பித்தபோது, யாரோ தெரிந்தவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனவள் பேசுவது போலத்தான் இருந்தது.

"நல்ல வீடுங்க இது."

'டிக்' என்றது பல்லி.

"இந்த வெளிச்சத்துக்கே ஒரு காசு குடுக்கலாம். விளக்குப் போடாம சாயங்காலம் வரைக்கும் அரிசி பொறுக்கலாம். சமையக்கட்டு ஜன்னலைத் தொறந்தா முருங்கை மரத்துக் காத்து நேரா முகத்துல அடிக்கும். மேடையை என் உசரத்துக்கு அளந்து வெச்சாரு இவரு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் எனக்கு முதுகு வலின்னு வந்ததில்ல. எம்பொண்ணு நடை பழகினது இந்தத் தரையிலதான். ஒரு தரம் கூட அடிபட விடல இந்த வீடு. ராசியான வீடு."

'டிக் டிக் டிக் டிக்' என்று பல்லி ஓயாமல் அடித்தது. ஷெரின் பலகையைக் கையில் எடுத்தாள். "மேடம்... மேடம், என்ன ஆச்சு? பூஜ்யத்துல இருந்தீங்களே! சாரையும் தாண்டிப் போயிட்டீங்க. இது எங்க போய் நிக்கும்னே தெரியல."

தணிகைவேல் அவள் பக்கம் திரும்பினார். "சுகந்தி, இதையெல்லாம் இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

அவள் அவரை ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நம்ம வீட்டை நாமே நல்லாருக்குன்னு சொன்னா கண்ணு பட்டுடாதா? நம்மதா இருக்கறவரைக்கும் வாயைத் தொறந்து சொல்லக் கூடாது. நான் விரலை வெச்சப்பவே என் மனசுல இது அடுத்தவங்க வீடாயிடுச்சு. தாராளமாச் சொல்லலாம்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

தணிகைவேலுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பிறந்த குழந்தையின் கன்னத்தில் அவள் தடவிய மைப்பொட்டு. வெளிச்சமே இல்லை என்று சொல்லப்பட்ட ஹால். காபி போடத் தெரியாது என்று சொல்லப்பட்ட இளவெயினி. அதற்கப்புறம் ஒரு காரியத்துக்கும் லாயக்கில்லாத ஒரு மனுஷன். இத்தனை வருஷம், தினமும், விடாமல். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது அவருக்கு. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நீட்டியிருந்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"ஷெரின், மன்னிச்சுக்கம்மா. நான் விக்கல."

"சார், விலையைப் பாருங்க. இது நாளைக்கு இருக்காது."

"இருக்காது. எனக்கும் தெரியும். பல்லியைக் கழட்டிடும்மா."

சுகந்தி திரும்பினாள். "என்ன, விக்கலியா?"

"இல்ல."

"அப்ப இது நம்ம வீடுதானா?"

"நம்ம வீடுதான்."

சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுஷனுக்கு ஒரு முடிவை ஒழுங்கா எடுக்கத் தெரியுதா பாரு! ஒழுகற வீட்டைக் கட்டிக்கிட்டு அழப்போறோம். ஐயையோ, என் வாயாலயே நல்லாருக்கு, ராசியாருக்குன்னு என்னென்னமோ சொல்லித் தொலைச்சேனே!" உப்பும் மிளகாயும் எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள்.

பல்லி சட்டென்று அடங்கிவிட்டது. ஷெரின் பலகையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள். "மறுபடியும் பூஜ்யம் சார்" என்றாள் ஈன சுரத்தில்.

சுகந்தி வாசலில் நின்று வீட்டுக்குச் சுற்றிப்போட்டாள். மிளகாய் நெடி தெருவரைக்கும் போனது. ஷெரின் நாற்காலி மேல் ஏறிப் பல்லியைக் கழற்றிப் பையில் போட்டாள். கிளம்ப வேண்டியவள் கிளம்பவில்லை.

"மேடம், கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்துட்டுப் போகட்டுமா? பல்லி இல்லாத வீட்டுல உக்காந்து எவ்ளோ நாளாச்சு. நான் வருஷத்துக்கு ஒரு வீடு மாறிடுவேன். பாதிப் பெட்டியைப் பிரிக்கறதே இல்ல."

"உக்காரும்மா. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் சுகந்தி. "சாம்பார்தான். அதுவும் சுமாராத்தான் இருக்கும்."

சாம்பார் பிரமாதமாக இருந்தது. ஷெரின் அதைச் சொல்ல வாயெடுத்து, தணிகைவேலின் முகத்தைப் பார்த்து, "சுமாராத்தான் இருக்கு மேடம்" என்றாள். சுகந்தி சந்தோஷமாக இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

விலை இறங்கியது. தணிகைவேல் சொன்னபடியே, ஏறக்குறைய அவர் சொன்ன நேரத்தில், அவர் சொன்ன அளவுக்கே இறங்கியது. அன்றைக்கு விரலை வைத்துவிட்டு வேறு இடம் போயிருந்தால் இதே வீட்டைத் திரும்ப வாங்கி மகள் பேருக்கு இன்னொன்றும் வாங்கியிருக்கலாம். கணக்கில் அவர் தோற்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தச் செய்தியைப் படித்த அன்று காலையில் அவருக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அது வருத்தத்தில் வந்த பெருமூச்சு இல்லை. இனிமேல் யாரும் வந்து விலை பேசமாட்டார்கள் என்ற நிம்மதிதான். சுகந்தியிடம் சொன்னபோது, "உங்களுக்குச் சாமர்த்தியம் எந்தக் காலத்துல இருந்துச்சு" என்றாள். அவர் உச்சி குளிர்ந்துபோனார்.

அதற்கு முன்பே, விற்கவில்லை என்று முடிவான அந்த வாரமே, அவர் தெருவைத் தாண்டிப் போய் ஞானசேகரைக் கூப்பிட்டிருந்தார். மாடியில் இரண்டு அறை சும்மா கிடந்தது. கம்பெனி அல்லாத தனி ஆள் தன் வீட்டை வாடகைக்கு விட்டால் பல்லி வைக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாரும் வைக்காமல் விடுவதில்லை, அவ்வளவுதான்.

"வாடகை எவ்ளோ தணிகை?"

"உங்களால முடிஞ்சதைக் குடுங்க அண்ணே. பேரப் பசங்க வந்தா அதுக்குத் தனியா ஒண்ணும் கிடையாது."

ஞானசேகர் அன்று மாலையே வந்துவிட்டார். கறிவேப்பிலையைப் பெயர்த்தெடுக்க முடியவில்லை. வேரோரம் முளைத்திருந்த கன்று ஒன்றை மட்டும் டப்பாவில் கொண்டுவந்தார். விடுமுறைக்குப் பேரன்மார் வந்து மாடிப்படியை அதிரவைத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு விஷயம் தணிகைவேலுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "ஞானசேகர் அண்ணன் தங்கமான மனுஷர். இருக்கற இடமே தெரியல" என்று சுகந்தி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், மனுஷர் இன்னும் வெளியாள்தான் என்று அவர் மனத்துக்குள் வருத்தப்பட்டார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் மாடிப்படியிலிருந்து சுகந்தியின் குரல் இடிபோல் இறங்கியது.

"நடு வழியிலயா வாளியை வைப்பாங்க? இத்தனை வயசாச்சு, வாளியை எங்க வைக்கணும்னு கூடவா தெரியாது? அந்தச் செடிக்கு ஊத்தற தண்ணியில பாதி படியிலதான் ஓடுது. இந்தப் பெரிய மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது!"

ஞானசேகர் நனைந்த வேட்டியோடு இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. தணிகைவேலின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தணிகை, சுகந்தி என்னைத் திட்டிடுச்சு. இத்தனை வருஷத்துல அது என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் வேற இடம் பாத்துக்கட்டுமா?"

தணிகைவேலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பயப்படாதீங்க அண்ணே. இப்பதான் நீங்க நம்ம வீட்டுக்குக் குடி வந்திருக்கீங்க."